27 நிமிடம், 40 ஆண்டு: டிஸ்சார்ஜ் இசைக்குழு ஒரு ரசிகனின் பார்வையில்

1986இல் டிஸ்சார்ஜ் குழு அமெரிக்கா போனது. நியூயார்க்கில் அவர்கள் வாசிக்கத் தொடங்கியதும் கீழேயிருந்து கூச்சல் கிளம்பியது. கையில் கிடைத்ததையெல்லாம் மேடையை நோக்கி வீசினார்கள். வீசியவர்கள் வேறு யாரோ இல்லை, அந்தக் குழுவுக்காகவே காசு கொடுத்து டிக்கெட் வாங்கி வந்தவர்கள். பிரிட்டிஷ் ஹார்ட்கோர் பங்க் (பங்க் ராக்கின் இன்னும் வேகமான, முரட்டு வகை) என்றாலே முதலில் நினைவுக்கு வரும் பெயர் அது. நான்கே ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய உள்ளூர் நிறுவனம் வெளியிட்ட அவர்களுடைய ஆல்பம் பிரிட்டனின் தேசிய ஆல்பம் பட்டியலில் 40ஆம் இடம்வரை ஏறியிருந்தது. அப்படிப்பட்ட குழுவுக்கு இந்த நான்கு ஆண்டுகளில் என்ன ஆனது?

"மெட்டல் (கனத்த கிடார் ராக்) பக்கம் போனார்கள், காசுக்காக மாறினார்கள், ரசிகர்கள் கைவிட்டார்கள்" என்ற ஒரு வரிப் பதில் காலகாலமாக ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்கு அது போதவில்லை. அவர்களுடைய பதிவுகளை வரிசையாகக் கேட்டால் வேறொரு கதை தெரிகிறது. 1980 முதல் 1982 வரை டிஸ்சார்ஜ் தன் பாட்டிலிருந்து ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனது. கடைசியில் மிஞ்சியது மிக எளிமையான ஒரு வடிவம். யார் வேண்டுமானாலும் எடுத்து ஆளக்கூடிய வடிவம். உருவாக்கியவர்கள் அதைக் கைவிட்ட பிறகும் ஸ்வீடனிலும் ஜப்பானிலும் அது வாழ்ந்தது அதனால்தான்.

ஸ்டோக்

ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் என்பது ஆறு சிறு நகரங்கள் சேர்ந்த ஊர். பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்றது. கூடவே நிலக்கரிச் சுரங்கங்களும் உருக்காலையும் இருந்தன. ஷெல்டன் பார் ஆலையில் உருக்கு உற்பத்தி 1978இல் நின்றது. 1982 ஜனவரியில் பிரிட்டனில் வேலையில்லாதோர் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டியது. லண்டன் பங்க் குழுக்களைச் சுற்றி இருந்த துணிக்கடைகள், ஓவியக் கல்லூரிகள், இசைப் பத்திரிகைகள் எதுவும் இந்த ஊர்ப் பையன்களுக்குப் பக்கத்தில் இல்லை.

குழு தொடங்கியது 1977இல். அப்போது டெஸ் என்கிற டெரி ராபர்ட்ஸ் பாடகர், ரெயினி என்கிற ராய் வெயின்ரைட் கிடார். டெஸ்ஸின் சகோதரர் போன்ஸ் இன்னொரு கிடார். அந்தக் காலப் பதிவுகளைக் கேட்டால் லண்டன் பங்க் குழுவான செக்ஸ் பிஸ்டல்ஸின் பாணியை அப்படியே பின்பற்றுகிற பல நூறு குழுக்களில் ஒன்று என்றுதான் தோன்றும். 1979இல் கேல் மாரிஸ் பாடகராக வந்து சேர்ந்தார். உடனே எல்லாரும் இடம் மாறினார்கள். பாடிக்கொண்டிருந்த டெஸ் டிரம்ஸில் போய் உட்கார்ந்தார். கிடார் வாசித்த ரெயினி பேஸ் கிடாரை எடுத்தார். போன்ஸ் ஒருவரே கிடார். இந்த இடமாற்றத்தைக் குழுவின் வரலாற்றை எழுதுபவர்கள் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு இதுதான் உண்மையான தொடக்கம். முதலில் டிரம்மர் இல்லாத ஒருவர் டிரம்ஸ் வாசித்ததால்தான் அந்தத் தாளம் பிறந்தது என்று நான் நம்புகிறேன்.

ஸ்டோக்கின் ஆறு நகரங்களில் ஒன்றான ஹேன்லியில் ரெக்கார்டு கடை வைத்திருந்த மைக் ஸ்டோன் இவர்களுக்காகவே கிளே ரெக்கார்ட்ஸ் என்ற நிறுவனத்தை ஆரம்பித்தார். அதன் முதல் வெளியீடு 1980இல் வந்த 'ரியாலிட்டீஸ் ஆஃப் வார்'. ஏழு அங்குலத் தட்டில் நான்கு பாட்டு. அதே ஆண்டில் 'ஃபைட் பேக்', 'டீகன்ட்ரோல்' என்று இன்னும் இரண்டு. 1981இல் 'வொய்' என்ற பன்னிரண்டு அங்குலத் தட்டு. ஒன்றன்பின் ஒன்றாக இவற்றைக் கேட்பது ஒரு பாடம். முதல் தட்டில் பழைய பங்கின் துள்ளல் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. 'வொய்' வரும்போது அது சுத்தமாகப் போய்விட்டது.

டும் டக், டு-டும் டக்

சாதாரண வேகப் பங்க் தாளம் நேர்க்கோடு. பேஸ் டிரம் (காலால் அடிக்கும் பெரிய டிரம்), ஸ்னேர் (குச்சியால் அடிக்கும் சிறிய டிரம்), பேஸ் டிரம், ஸ்னேர். டும் டக் டும் டக். டெஸ் வாசித்ததில் பேஸ் டிரம் அடிகள் இடம் தள்ளி விழுகின்றன: டும் டக், டு-டும் டக். சிம்பலில் கை நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஸ்னேர் தன் இடத்தில் உறுதியாக விழுகிறது. நடுவில் அந்தக் கால் அடி மட்டும் தடுக்கி விழுந்து எழுந்து ஓடுகிறது. பாட்டு முன்பக்கமாகச் சரிந்துகொண்டே போவது போன்ற உணர்வு அதனால்தான் வருகிறது.

இது வானத்திலிருந்து குதித்ததல்ல. பஸ்காக்ஸ் குழுவின் 'யூ டேர் மீ அப்' பாட்டில் இதன் சாயல் உண்டு. மோட்டர்ஹெட் குழுவின் பாதிப்பு இன்னும் தெளிவாகவே தெரிகிறது. மற்றவர்கள் ஒரு பாட்டில் தொட்டுவிட்டுப் போன தாளத்தை டிஸ்சார்ஜ் பாட்டுக்குப் பாட்டு, தட்டுக்குத் தட்டு விடாமல் வாசித்தது. பின்னால் இதற்கு டி-பீட் என்றே பெயர் வந்தது. அந்த 'டி' இவர்களுடைய முதலெழுத்து.

அதற்கு மேலே போன்ஸின் கிடார். தனித்தனிச் சுரங்கள் காதில் விழாது, ஒரே இரைச்சல் சுவர். அதில் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) மாறுவது சுவர் நகர்வது போலக் கேட்கும். தனி வாசிப்பு வந்தால் சில நொடிகள், சில சுரங்கள், அவ்வளவுதான்.

பிறகு கேலின் குரல். அவர் பாடுவதில்லை, கத்துகிறார். வரிகள் மிகக் குறைவு. பல பாட்டுகளில் மொத்தமே மூன்று நான்கு வரி, அதையே திரும்பத் திரும்பச் சொல்வார். 'ஃப்ரீ ஸ்பீச் ஃபார் தி டம்' பாட்டில் தலைப்பைத் தவிர வேறு வார்த்தையே இல்லை. இரண்டு நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டில் அந்த ஒரே வரி. முதல் தடவை கேட்பவர்கள் சோம்பேறித்தனம் என்று நினைக்கலாம். ஊர்வலத்தில் போகும் கோஷத்தை யாரும் அப்படி நினைப்பதில்லை. ஐந்தாவது முறை கேட்கும்போது அர்த்தம் மாறுவதில்லை, எடை கூடுகிறது. வாயில்லாதவர்களுக்குப் பேச்சுரிமை என்ற அந்த ஒரே வரி, கடைசி முறை வரும்போது பரிதாபமாகவும் மிரட்டலாகவும் ஒருசேரக் கேட்கிறது.

அதே காலத்தில் எசெக்ஸில் இயங்கிய கிராஸ் குழுவும் போருக்கு எதிராகத்தான் பாடியது. அவர்கள் பாட்டில் வார்த்தைகள் கொட்டும். தட்டின் உறையை விரித்தால் துண்டுப் பிரசுரம் போலப் பக்கம் பக்கமாக வாசிக்கலாம். கிராஸ் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவர்கள் வாதாடினார்கள். டிஸ்சார்ஜ் நடந்ததைக் காட்டியது: குண்டு விழுகிறது, உடல் எரிகிறது, குழந்தை சாகிறது. காட்டிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டது. உறைகளும் அப்படித்தான். கறுப்பு வெள்ளை, போர்ப் புகைப்படம், அச்சுவார்ப்பு எழுத்து. 1981இல் வந்த 'நெவர் அகெய்ன்' உறையில் துப்பாக்கிக் கத்தியில் குத்தப்பட்ட புறா. ஜெர்மானியக் கலைஞர் ஜான் ஹார்ட்ஃபீல்ட் 1932இல் செய்த ஒட்டுப்படம் அது. அந்தத் தட்டு பிரிட்டனின் பொதுப் பட்டியலிலேயே 64ஆம் இடம் பிடித்தது. வானொலிக்கு ஏற்றதாக ஒரு நொடிகூட இல்லாத இசைக்கு அது சின்ன விஷயம் இல்லை.

1982 மே

'ஹியர் நத்திங் சீ நத்திங் சே நத்திங்' வெளிவந்தபோது அர்ஜென்டினாவுடன் பிரிட்டனின் ஃபாக்லாந்து போர் நடந்துகொண்டிருந்தது. ஆனால் அந்த ஆல்பத்தின் பயம் இன்னும் பெரியது. 1979 டிசம்பரில் நேட்டோ நாடுகள் ஐரோப்பாவில் அமெரிக்க அணு ஏவுகணைகளை நிறுத்த முடிவெடுத்தன. அதில் 160 பிரிட்டனுக்கு. 1981 செப்டம்பரில் கார்டிஃபிலிருந்து நடந்தே வந்த பெண்கள் அவை வரவிருந்த கிரீன்ஹம் காமன் விமானத்தளத்துக்கு வெளியே முகாம் போட்டார்கள். 1980இல் பிரிட்டிஷ் அரசு 'ப்ரொடெக்ட் அண்ட் சர்வைவ்' என்ற கையேட்டை 50 பென்ஸ் விலைக்கு வெளியிட்டது. அணுகுண்டு விழுந்தால் வீட்டில் என்ன செய்வது என்பதற்கான வழிகாட்டி அது. கதவுகளைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்து உள்ளே பதுங்கு. ஜன்னல் கண்ணாடிக்கு வெள்ளை அடி. 14 நாளுக்குச் சாப்பாடும் தண்ணீரும் சேர்த்து வை. படங்களோடு, பதறாத குரலில், மின்சார அடுப்பை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்வது போலச் சொல்லியிருந்தார்கள்.

வரலாற்றாசிரியர் ஈ.பி. தாம்சன் இதற்குப் பதிலாக 'ப்ரொடெஸ்ட் அண்ட் சர்வைவ்' என்ற சிறு பிரசுரத்தை எழுதினார். தற்காத்துப் பிழைக்க முடியாது, எதிர்த்தால்தான் பிழைப்பு என்பது அவர் வாதம். அந்தத் தலைப்பே ஆல்பத்தின் நான்காவது பாட்டு. ஒரு வரலாற்றாசிரியரின் பிரசுரம் ஸ்டோக்கிலிருந்து வந்த சில நிமிடக் கூச்சலாக மாறியதை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது. பிரசுரத்தைப் படிக்க வாய்ப்பே இல்லாத எத்தனை பேருக்கு அந்தத் தலைப்பு பாட்டு வழியாகப் போய்ச் சேர்ந்திருக்கும்!

பதினொன்றாவது பாட்டின் தலைப்பு ஒரு கேள்வியும் பதிலும்: குழந்தைகளுமா? குழந்தைகளும். வியட்நாமில் மை லாய் கிராமத்தில் அமெரிக்கப் படை நடத்திய படுகொலையில் பங்குகொண்ட சிப்பாயிடம் தொலைக்காட்சிப் பேட்டியில் கேட்ட கேள்வியையும் அவர் சொன்ன பதிலையும் வைத்து ஒரு போர் எதிர்ப்புச் சுவரொட்டி வந்திருந்தது. அதன் எதிரொலிதான் இது. இந்தக் குழுவுக்கு வரலாறு தெரியாது, வெறும் சத்தம் என்று சொல்பவர்களுக்கு நான் காட்டுவது இந்தத் தலைப்பைத்தான்.

மொத்தம் 14 பாட்டு, 27 நிமிடம். ஒன்றிலும் ஒரு நொடி கூடுதல் இல்லை. இதில் டிரம்ஸ் வாசித்தவர் டெஸ் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அவர் 1981இலேயே விலகிவிட்டார். வெருக்கர்ஸ் குழுவிலிருந்து வந்த கேரி மலோனி வாசித்தார். உலகம் முழுக்க டி-பீட் ரசிகர்கள் வேதம் போல வைத்திருக்கும் ஆல்பத்தில் அந்தத் தாளத்தைக் கொண்டுவந்தவரே இல்லை! ஆனாலும் எதுவும் குறையவில்லை. தாளம் ஆளைவிட்டு அப்போதே தனியாக நிற்கத் தொடங்கிவிட்டது.

எங்கே தடம் மாறியது

ஆல்பம் வந்த அதே ஆண்டில் போன்ஸும் விலகினார். அடுத்த ஆண்டில் ப்ரோக்கன் போன்ஸ் குழுவைத் தொடங்கினார். டிஸ்சார்ஜில் கிடாருக்கு பூச் பர்டில் வந்தார். இவர் கையில் மெட்டல் வாசனை அதிகம். 1983இல் 'தி பிரைஸ் ஆஃப் சைலன்ஸ்', 1984இல் 'தி மோர் ஐ சீ'. வேகம் குறைந்தது, கிடார் கனத்தது, பழைய தாளமும் பின்னுக்குப் போனது.

இந்த இரண்டையும் நான் மிகவும் நேசிக்கிறேன். மெட்டல் பக்கம் சாய்ந்ததுதான் வீழ்ச்சிக்குக் காரணம் என்ற ஒரு வரிப் பதில் உடைவதும் இங்கேதான். 'தி மோர் ஐ சீ' மெட்டலுக்கு மிக அருகில் நிற்கும் பாட்டு. ஆனால் குறைந்த வரிகள், அதே திரும்பச் சொல்லல், அதே கத்தல். ஒன்று போனாலும் மற்றவை தாங்கின.

மாறாகக் குரலில் கை வைத்தபோது எல்லாம் சரிந்தது. 1985இல் 'இக்னோரன்ஸ்' தட்டில் கேல் பாட முயல்வது தெரிகிறது. 1986இல் 'கிரேவ் நியூ வேர்ல்டு' ஆல்பத்தில் அவர் முழுக்க உச்சஸ்தாயியில் இழுத்துப் பாடுகிறார். கிளாம் மெட்டல் எனப்படும் பகட்டான மெட்டல் குழுக்களின் சாயல். கால் மணி நேரம் ஓடும் ஒரு பாட்டும் உண்டு. ஒரு நிமிடத்தில் முடிகிற பாட்டுகளால் பேர்வாங்கிய குழு!

காலமும் சேர்ந்து அடித்தது. பிரிட்டனில் பங்கின் இரண்டாம் அலை வற்றியிருந்தது. கிளே ரெக்கார்ட்ஸில் இவர்களோடு இருந்த ஜிபிஎச் உட்படப் பலரும் மெட்டல் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தார்கள். ஆனால் அவர்கள் போனது வேக மெட்டலுக்கு. அமெரிக்காவில் அந்த வேக மெட்டலே டிஸ்சார்ஜைக் கேட்டு வளர்ந்தது. மெட்டாலிகாவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்', ஸ்லேயரின் 'ரெய்ன் இன் பிளட்' இரண்டும் வந்தது இதே 1986இல். டிஸ்சார்ஜ் 1982இல் செய்ததைக் கேட்க ஒரு பெரிய கூட்டம் கடைசியில் கூடிவிட்டது. அந்தக் கூட்டத்தின் முன்னால் குழு முற்றிலும் வேறு ஒன்றைக் கொண்டுபோய் வைத்தது. நியூயார்க்கில் எழுந்த கோபத்தை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். பொருள் வீசியதை நியாயப்படுத்த மாட்டேன்.

கேலை வில்லனாக்குவதும் தவறு. ஆறு ஆண்டுகள் இரவுக்கு இரவு அந்தக் கத்தலைக் கத்திய தொண்டை அது. ஒரு கலைஞன் தன் எல்லையைத் தாண்டிப் பார்க்க ஆசைப்பட்டான். அந்த ஆசையை நான் மதிக்கிறேன். ஆனால் ஆல்பம் தோல்விதான். எரிந்த உடல்களைப் பற்றிச் சொல்ல அவர் கண்டுபிடித்த குரலில் அழகு இல்லை, அதுவே அதன் பலம். அழகாகப் பாட முயன்றதும் சொல்வதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. ஸ்விட்சர்லாந்தின் செல்டிக் ஃபிராஸ்ட் குழுவுக்கும் இதே விபத்து 1988இல் 'கோல்டு லேக்' ஆல்பத்தில் நேர்ந்தது. அந்தக் குழுவின் டாம் வாரியர் டிஸ்சார்ஜால் பெரிதும் பாதிக்கப்பட்டவர்.

அந்தச் சுற்றுப்பயணத்துக்குப் பிறகு கேல் விலக, குழு கலைந்தது. மறுபடி கூடி 1991இல் 'மசாக்கர் டிவைன்', 1993இல் 'ஷூட்டின் அப் த வேர்ல்டு' என்று இரண்டு ஆல்பம். மெட்டல் ஆல்பங்கள், கேட்கலாம். அதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

வேறு ஊர்களில்

இதற்கிடையே அந்த வடிவம் கடல் தாண்டியிருந்தது. ஸ்வீடனில் ஆன்ட்டி சிமெக்ஸ், மாப் 47 போன்ற குழுக்கள் எண்பதுகளின் முற்பாதியிலேயே அதை எடுத்துக்கொண்டன. கொஞ்சம் கூட்டினார்கள், கொஞ்சம் வேகப்படுத்தினார்கள், அடிப்படையைத் தொடவில்லை. எண்பதுகளின் இறுதியிலிருந்து பெயரிலேயே 'டிஸ்' ஒட்டிக்கொண்ட குழுக்கள் புறப்பட்டன: டிஸ்ஃபியர், டிஸ்சேஞ்ச். டிஸ்சேஞ்ச் பின்னால் 'மீன்வைல்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதுவும் 1982 ஆல்பத்தில் உள்ள ஒரு பாட்டின் தலைப்புதான். ஜப்பானின் கோச்சி நகரில் டிஸ்க்ளோஸ் குழு இதையே வாழ்நாள் வேலையாக எடுத்தது. அவர்கள் கிடார் இரைச்சல் போன்ஸையே மென்மையானவர் ஆக்கிவிடும். கண்மூடித்தனமான நகல் என்று இந்தக் குழுக்களைச் சிலர் ஒதுக்குகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. ராகத்தையோ சந்தத்தையோ ஒருவர் எடுத்துப் பாடினால் நகல் என்று சொல்வோமா? வடிவம் என்பது அப்படிக் கைமாறுவதற்குத்தான்.

பிரிட்டனிலேயே பர்மிங்ஹாமின் நேப்பாம் டெத், டூம் குழுக்களும், இப்ஸ்விச்சின் எக்ஸ்ட்ரீம் நாய்ஸ் டெரரும் இதன்மேல்தான் தங்கள் கட்டடத்தை எழுப்பின. அமெரிக்க மெட்டல் குழு ஆந்த்ராக்ஸ் 1991இல் 'ப்ரொடெஸ்ட் அண்ட் சர்வைவ்' பாடியது. மெட்டாலிகாவின் 1998 'கேரேஜ் இன்க்.' முதல் தட்டு 'ஃப்ரீ ஸ்பீச் ஃபார் தி டம்' பாட்டில் தொடங்கி 'தி மோர் ஐ சீ' பாட்டில் முடிகிறது. ஒன்று போன்ஸ் காலப் பாட்டு, இன்னொன்று பர்டில் காலப் பாட்டு. யார் தேர்ந்தெடுத்தாரோ, அவருக்கு இந்தக் குழு நன்றாகப் புரிந்திருக்கிறது.

2001இல் கேல், போன்ஸ், ரெயினி, டெஸ் நால்வரும் ஒன்றுசேர்ந்தார்கள். 2002இல் குழுவின் பெயரிலேயே வந்த ஆல்பத்தில் பழைய குரல் திரும்பியிருந்தது. கேல் சீக்கிரமே விலகிவிட்டார். வெருக்கர்ஸ் பாடகர் ராட் அந்த இடத்துக்கு வந்து 2008இல் 'டிஸென்சிடைஸ்' ஆல்பத்தில் பாடினார். 2014இல் ஜெஃப் ஜானியாக் வந்தார். டெஸ் அப்போது இரண்டாவது கிடார். பாடகராகத் தொடங்கி, தாளத்தைக் கொண்டுவந்து, கிடாருக்கு வந்து சேர்ந்தார். 2016இல் நியூக்ளியர் பிளாஸ்ட் நிறுவனத்தில் வந்த 'எண்ட் ஆஃப் டேஸ்' ஆல்பத்தைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் போட்டேன். முதல் பாட்டு முடிவதற்குள் சந்தேகம் போய்விட்டது. கேல் இல்லை, ஆனால் குறைந்த வரி, நிற்காத தாளம், மூச்சுவிட இடம் தராத கிடார் எல்லாம் இருந்தன. டிஸ்சார்ஜ் தன் ரசிகக் குழுக்களைப் போலவே தன் வடிவத்தை மறுபடி எடுத்துக்கொண்டது என்றுகூடச் சொல்லலாம்.

புதிதாகக் கேட்பவர்களுக்கு: நேரே 1982 ஆல்பத்துக்குப் போகாதீர்கள். முதலில் 'ரியாலிட்டீஸ் ஆஃப் வார்', பிறகு 'வொய்', அதன்பிறகு அந்த ஆல்பம். மூன்றும் சேர்ந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. கழித்துக்கொண்டே போனது அப்போதுதான் காதில் விழும். 'தி மோர் ஐ சீ' பாட்டைத் தனியாக ஒரு நாள் கேளுங்கள், சத்தத்தைக் கூட்டி வைத்து. 'கிரேவ் நியூ வேர்ல்டு' கடைசியில்.